உழைப்பில்லாதோர் பட்டியல்

"வீட்டுல சும்மாதானே உக்காந்திருக்கா, இவளையே கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் அண்ணி. அந்தச் சும்மா இருப்பவள் அப்போது அவள் காலடியில் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கி வழிவிட்டாள்.

அண்ணன் உடற்பயிற்சி உடலியல் ஆராய்ச்சியாளன். ஓட்டக்காரர்களின் இதயத்தையும் மூச்சையும் அளந்து, உடலுழைப்பே இல்லாத பெண்களோடு ஒப்பிட்டு மூன்று வருடமாக ஆய்வு செய்துவந்தான். உழைப்பில்லாதோர் பட்டியலில் ஒருத்தி கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டாள். அந்த இடத்துக்குத்தான் தங்கை.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கணவன் இறந்து பதினோரு வருடம். அண்ணன் வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. "புருஷன் போனவ வேலைக்குப் போனா, கூடப்பிறந்தவன் சோறு போடலையான்னு நாலு பேர் கேப்பாங்க" என்று அண்ணன் தடுத்துவிட்டான். அன்றிலிருந்து அந்த மூன்றாம் மாடி வீடுதான் அவளுக்கு எல்லாம்.

ஆய்வுக்கூட உதவியாளர் பெண் அவள் மார்பில் இதயத் துடிப்பை அளக்கும் பட்டையைக் கட்டி, மூச்சை அளக்கும் முகமூடியை மாட்டி, டிரெட்மில்லில் ஏற்றினாள். பட்டியலில் இருந்த மற்றவர்கள் ஏழெட்டு நிமிடத்தில் போதும் என்று கைகாட்டியவர்கள். பதினான்கு நிமிடம் ஆகியும் இவள் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தாள்.

"சார், உக்காந்திருக்கும்போது துடிப்பு அம்பத்தாறுதான். நம்ம ஓட்டக்காரங்கள்ல பாதிப்பேருக்கு இவ்வளவு குறைவா வரல."

"மெஷின் சரியில்ல."

கருவியைச் சரிபார்த்தார்கள். பட்டையை மாற்றினார்கள். வேறொரு நாள் அழைத்தார்கள், பிறகு இன்னொரு நாள். எண்கள் அசையவில்லை. மூன்றாம் முறை அண்ணன் பேனாவை மேசைமேல் எறிந்தான்.

"என் மூணு வருஷ உழைப்பு உன்னால நாசமாகுது!"

"நான் என்னண்ணா பண்ணேன்?"

"அதான் எனக்கும் தெரியல."

உதவியாளர் பெண் அவள் பக்கம் திரும்பினாள். "ஒரு நாள்ல என்னென்ன செய்வீங்கக்கா?"

"என்ன பெருசா... மாடிக்குத் தண்ணி ஏறாது. காலையில கீழேர்ந்து இருபது வாளி தூக்குவேன். அப்புறம் ஏழு பேர் துணி, கையாலதான். சமையல். அண்ணியோட அம்மாவைத் தூக்கி உக்கார வச்சுக் குளிப்பாட்டணும், அவங்க கொஞ்சம் கனம். சாயங்காலம் மறுபடி தண்ணி. மத்தபடி சும்மாதான்."

"இவங்களை எப்படி சார் உழைப்பில்லாதவங்கன்னு சேத்தீங்க?"

"வீட்டு வேலையெல்லாம் உழைப்புல சேராதும்மா. தொழில்ங்கிற இடத்துல இல்லைன்னுதானே போட்டிருக்கா?"

"அவங்க போடல சார். படிவத்தை நிரப்பினது நீங்க."

அண்ணன் புதிதாக ஒரு தாளை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான்.

"ரெண்டு வாரம் கழிச்சுக் கடைசியா ஒருதடவ பாத்துடலாம். அதுவரைக்கும் பளு தூக்கக்கூடாது, மாடிப்படி ஏறி இறங்கக்கூடாது, முழு ஓய்வு. எல்லாருக்கும் உள்ள விதிதான். கையெழுத்துப் போடு."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஓய்வெடு என்று இந்தப் பதினோரு வருடத்தில் யாரும் அவளிடம் வாயால்கூடச் சொன்னதில்லை. நிதானமாகக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணியின் குரல் கூடம்வரை வந்தது. "ஒரு சொட்டுத் தண்ணி இல்ல! எங்க போய்த் தொலைஞ்சா?"

அவள் எங்கும் போகவில்லை. ஜன்னலோர நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பளு தூக்கக்கூடாதுன்னு அண்ணன் எழுதி வாங்கியிருக்காரு அண்ணி. நான் எழுந்தா அவரோட ஆராய்ச்சி கெட்டுடும்."

அண்ணி கணவனைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவே இல்லை. அவன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு இரண்டு வாளிகளோடு இறங்கினான்.

நான்காவது நடையில், இரண்டாம் மாடித் திருப்பத்தில், வாளிகளை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். நெஞ்சு தடதடத்தது.

"இன்னும்... எத்தன?" என்று மேலே பார்த்துக் கேட்டான்.

"பன்னெண்டுண்ணா" என்றாள் தங்கை, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "சாயங்காலத்துக்குத் தனி."