உள்பக்கத்தில் ஒரு கொப்புளம்

அவள் கடைசியாகக் கத்தரிக்கோலை எடுத்தது அவருடைய சட்டையை வெட்டத்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை, காலர் நைந்துபோனது. அவர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதற்குள் இரண்டு கைகளும் முதுகும் சாப்பாட்டு மேசைமேல் தனித்தனியாகக் கிடந்தன.

"அடிப்பாவி, நல்ல சட்டைடீ அது!"

"எது, இதுவா? இதைப் போட்டுக்கிட்டு என்கூட வந்தீங்கன்னா யாராச்சும் சில்லறை போடுவாங்க. என் காலுக்காவது ஆகட்டும்."

அவர் செயற்கைக் கால் செய்பவர். பட்டறையில் எல்லோருக்கும் மாஸ்டர். அவளுக்குச் சிறுவயதில் ஒரு விபத்து. இடது காலில் முழங்காலுக்குக் கீழே பாதிதான். அவர்கள் பழகியதே அந்தக் காலுக்கு அளவெடுக்கப் போய்த்தான். மிச்சக் காலை உள்ளே நுழைத்துக்கொள்ளும் கூட்டுக்கு, மேல்துணியாக யாரும் தமக்குப் பிடித்ததைக் கொடுக்கலாம். துணிமேல் ஊற்றும் ரெசின் என்ற பிசின் இறுகியதும் அது கண்ணாடிக்குள் வைத்ததுபோலத் தெரியும்.

அவளுக்கு அவர் செய்த கூடுகள் எல்லாவற்றிலும் உள்பக்கம், ஒரே இடத்தில், ஒரு கொப்புளம் வந்துவிடும். அந்த இடத்தில் அவள் காலில் பழைய தழும்பொன்று குழியாக இறங்கியிருந்தது. ரெசின் ஊற்றும்போது பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் கொஞ்சம் காற்று அந்தக் குழியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். புதுக் கூட்டுக்குள் விரலை விட்டதுமே கண்டுபிடித்துவிடுவாள்.

"ஊருக்கெல்லாம் வழுவழுன்னு செய்வாரு. பொண்டாட்டிக்கு மட்டும் கொப்புளம்."

அன்று துணியை மடித்து அவர் பையில் வைக்கும்போது பந்தயம் கட்டினாள். "இந்தத் தடவை கொப்புளம் இல்லாமச் செஞ்சு காட்டுங்க. ஒரு வாரம் வாயே திறக்க மாட்டேன்."

"ஒரு வாரமா? அப்ப மத்த வேலையெல்லாம் கெடக்கட்டும்."

"ஆசையைப் பாரு."

மதியம் பட்டறைக்குப் போன் வந்தது. கடையில் வரிசையில் நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். நெஞ்சு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் மறுபடி வேலைக்கு வந்தபோது அலமாரியில், புதுக் கூட்டுக்காக வார்த்து வைத்திருந்த அவளுடைய காலின் பிளாஸ்டர் அச்சு நின்றுகொண்டிருந்தது. எலும்பின் மேடு, சதையின் சரிவு, தழும்புக் குழி, எல்லாம் அப்படியே. பிளாஸ்டர் வேலை பார்க்கிறவன் அருகில் வந்தான். எந்நேரமும் வெள்ளைத் தூளோடு திரிவதால் அவனுக்கு 'மாவு' என்று பெயர்.

"மாஸ்டர், அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க யார் கையாவது பட்டு உடைஞ்சிடப் போகுது."

எடுத்துப் போகலாம்தான். ஆனால் கூடு செய்வதென்றால் அச்சை உடைத்தாக வேண்டும். ரெசின் இறுகிய பிறகு உள்ளே இருக்கும் பிளாஸ்டரை உளியால் கொத்தி எடுத்தால்தான் கூடு கையில் வரும். அச்சு அல்லது கூடு, ஏதாவது ஒன்றுதான்.

அவர் அச்சைத் தொடாமல் மற்றவர்களின் கால்களைச் செய்தார். வீட்டில், சத்தம் ஏதாவது இருக்கட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சாப்பிட்டார். ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் அவள்மேல் கோபம் வந்தது. கொப்புளம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலேயே வாயை மூடிக்கொண்டுவிட்டாளே! இது என்ன பந்தயம்?

ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறந்து, அச்சை வேலைமேசையின் இரும்புக் குழாயில் நிறுத்தி இறுக்கினார். எதையோ மறந்து வைத்துவிட்டுப் போன மாவு திரும்பி வந்தான்.

"லீவு நாள்ல யாருக்கு மாஸ்டர்?"

"ஒரு பந்தயம்டா."

"யார்கூட?"

அவர் பையிலிருந்து துணியை எடுத்து விரித்தார். மாவு நீலக் கட்டத் துணியைப் பார்த்தான். வந்த காரியத்தை விட்டுவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனான்.

அச்சின்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, அதன்மேல் பின்னல் துணி பல அடுக்கு, கடைசியாகச் சட்டைத் துணி, அதற்கும் மேலே இன்னோர் உறை. ரெசினை நுரைக்காமல் நிதானமாகக் கலக்கி மேலிருந்து ஊற்றினார். பம்பைப் போட்டதும் முதலில் உறுமியது. காற்று குறையக் குறையச் சத்தம் மெலிந்தது. உறைகள் காலை இறுகப் பிடித்துக்கொண்டன. வெளுத்திருந்த இடமெல்லாம் தெளிந்து நீலம் மேலே வந்தது. வேண்டுமென்றே கொப்புளம் விட அவருக்கு மனம் வரவில்லை. விட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். தழும்புக் குழியில் கட்டைவிரலை வைத்து, காற்றைக் கீழே தள்ளித் தள்ளி, ரெசின் சூடேறி இறுகும்வரை விரலை எடுக்கவில்லை.

வெளியே ஒரு குறையும் இல்லை. உள்ளே எப்படி என்று உடைக்காமல் தெரியாது.

உளியை எடுத்தார். முதல் அடிக்குக் கை வரவில்லை. அப்புறம் வந்தது. பிளாஸ்டர் கட்டி கட்டியாகத் தரையில் விழுந்தது. எது முழங்கால், எது தழும்பு என்று பிரித்துப் பார்க்க முடியாத வெள்ளைத் துண்டுகள். உள்ளுறையை உரித்துவிட்டு, கூட்டைத் தட்டித் தூசு போக்கி, மடியில் சாய்த்துக்கொண்டு விரலை உள்ளே விட்டார்.

மேலிருந்து வழுவழுவென்று இறங்கிய விரல் ஓரிடத்தில் நின்றது. உள்பக்கத்தில், அதே இடத்தில், ஒரு கொப்புளம்.