ஆஷிஃபா தடவிய பேரீச்சம்பழம்

பிரசவ மயக்கம் தெளிந்து சித்தாரா கண் விழித்தபோது, நாத்தனார் ஆஷிஃபா பேரீச்சம்பழத்தை மசித்துக் குழந்தையின் நாக்கில் தடவிக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் வழக்கமாகச் செய்வதுதான். ஆனாலும் பிள்ளையில்லாத ஆஷிஃபா, தன்னை எழுப்பாமல் அதைச் செய்தது சித்தாராவுக்கு உறுத்தியது.

மறுநாள் குழந்தை பால் குடிக்கவில்லை. வயிறு உப்பிக்கொண்டு வந்தது.

"துணியெல்லாம் ஈரமா மட்டும்தாம்மா இருக்குது," என்றாள் ஆஷிஃபா. "கறுப்பா ஒண்ணுமே போகல. நர்ஸ்கிட்ட சொல்லட்டுமா?"

"நேத்து பொறந்த புள்ள. அதுக்குள்ள இன்னா அவசரம் ஆபா?" என்றாள் சித்தாரா. கணவனின் அக்காவை அவள் ஆபா என்றுதான் கூப்பிடுவாள்.

இவள் எதற்குத் துணியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள்? ஆஷிஃபா வெளியே போனதும் சித்தாரா பழம் மசித்த கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்தாள். அதற்குப் பிறகு குழந்தையை அவள் கையில் கொடுக்கவேயில்லை.

அடுத்த நாள் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தது. கணவன் சனாவுல்லா ஜரிகைக் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தான். குழந்தைகள் டாக்டர் அம்ருதவல்லி வந்து, "முதல் மலம் எப்ப போச்சு?" என்று கேட்டார்.

"புள்ள நாக்குல இவங்க எதையோ தடவினாங்க டாக்டர். அதுலேர்ந்துதான்," என்றாள் சித்தாரா.

சுவரோரம் நின்ற ஆஷிஃபா மெதுவாக, "இன்னும் போகவே இல்ல டாக்டர்," என்றாள்.

டாக்டர் கையுறை மாட்டி, சுண்டுவிரலால் ஆசனவாயைச் சோதித்தார். விரலை எடுத்ததும் காற்றும் கருமலமும் பீறிட்டன. வயிறு இறங்கியது. டாக்டர் முகம் மட்டும் தெளியவில்லை.

"பழத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. குடலோட கடைசிப் பகுதியில நரம்பு செல்லே இல்லாம பிறந்திருக்கலாம். அந்த இடம் மலத்தைத் தள்ளாது. மெட்ராஸ் போய் துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்."

மலம்தான் போய்விட்டதே, பிறகு எதற்கு மெட்ராஸ்? சித்தாராவின் சந்தேகம் டாக்டர்மேல் திரும்பியது. "போவ வேணாங்க," என்று கணவனைத் தடுத்தாள். சாயங்காலத்துக்குள் வயிறு மறுபடி கல்லானதும் அவளே கிளம்பச் சொன்னாள். அன்று கோயில் திருவிழா; கருடசேவைக் கூட்டத்தில் ஆட்டோகூட நகரவில்லை. ஆஷிஃபாதான் ரங்கசாமி குளத்தருகே டாக்ஸியை நிறுத்திவிட்டு வந்து, கூட்டத்தை விலக்கி அவர்களை அழைத்துப்போனாள்.

சென்னையில் எக்ஸ்ரேயும் சதைப் பரிசோதனையும் டாக்டர் சொன்னதையே சொல்லின. குடலை வயிற்றுப் பக்கம் வெளியே எடுத்து மலம் போக வழி வைத்தார்கள். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, நல்ல குடலைக் கீழே இறக்கித் தைப்பார்களாம்.

சிவந்திருந்த அந்தத் துளையைத் துடைக்கச் சித்தாராவுக்குக் கை வரவில்லை. பஞ்சோடு பக்கத்தில் வந்த ஆஷிஃபா, "தொடலாமா?" என்று கேட்டாள்.

சித்தாரா உடைந்துபோனாள். "உங்கள தப்பா நெனச்சிட்டேன் ஆபா."

"தெரியும்மா. நீ டாக்டர்கிட்ட சொன்னப்போ நானும் அங்கதானே இருந்தேன். வெந்நீர் ஆறிப்போவுது, புள்ளையப் புடி."

அடுத்த வருஷம் கடைசி ஆபரேஷனும் முடிந்து துளையை மூடினார்கள். குழந்தை முதஸ்ஸிர் வளர்ந்து இப்போது தெருவில் ஓடி விளையாடுகிறான். ஆனால் அவனுக்கு ஒரு பிஸ்கட் கொடுப்பதானாலும் ஆஷிஃபா அதை முதலில் சித்தாராவிடம் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறாள். காட்ட வேண்டாம் ஆபா என்று சித்தாரா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.