வாய் திரும்பிய சங்கு

தீவு நகரத்தின் ஜங்லிகாட்டில் சுகுணாவின் தையல் கடைக்கு நேர் எதிரே வைஜெயந்தியின் தையல் கடை. நடுவே ஒரு ஆட்டோ போகிற அகலம்தான். அந்த அகலம் போதாது என்று சுகுணாவுக்கு இந்த மாதம் முழுக்கத் தோன்றியது.

காரணம் ஒரு துணி. வைஜெயந்தியின் மகள் பழைய கடல் புத்தகம் ஒன்றின் படங்களை இணையத்தில் எடுத்து, ஈரோட்டில் துணியில் அச்சடித்துக் கப்பலில் வரவழைத்திருந்தாள். பாலாடை நிறப் பருத்தியில் பழுப்பு மையில் ஆக்டோபஸ், நண்டு, சங்கு. ஒவ்வொன்றின் அடியிலும் பொடியாக ஒரு எண். வாசலில் ஒரு சட்டையை மாட்டியதும் டூரிஸ்டுகள் நின்றார்கள். சுகுணா மாட்டியிருந்த மீன் போட்ட சட்டையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அதையாவது பொறுத்துக்கொண்டாள். இன்று ஹோட்டல் மேனேஜர் ஷீலா வந்திருந்தாள். அறுபது பேருக்கு யூனிஃபார்ம்; ஐந்து வருஷமாகச் சுகுணாவுக்கே வருகிற வேலை. ஆனால் ஷீலா போய் நின்றது எதிர்க்கடையில்.

சுகுணா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே தெருவைக் கடந்தாள்.

"மேடம், இதை எடுத்தா ஊரே சிரிக்கும். சங்கைப் பாருங்க. எங்க வீட்டுக்காரர் இருபது வருஷம் சங்குக்கு பாலிஷ் போட்டவரு. கூர்முனையை மேல வச்சுப் புடிச்சா வாய் வலப்பக்கம்தான் இருக்கும். இதுல இடப்பக்கம் இருக்கு."

வைஜெயந்தியின் முகம் சுருங்கியது. "புத்தகத்துலயே அப்படித்தான் அக்கா இருந்துச்சு."

"புத்தகமே தப்பு. படம் போட்டவன் அச்சுத் தகட்டுல சங்கைப் பாத்தபடியே செதுக்கியிருப்பான். ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி, தாள்ல திரும்பித்தான் விழும்."

ஷீலா சங்கின் மேல் விரலை ஓட்டினாள். "அப்ப இது வலம்புரியா தீதி?"

இல்லை என்று சொல்ல வழியில்லை. கூர்முனையைக் கீழே திருப்பினால் இந்த வாய் வலப்பக்கம் வரும்; இவ்வளவு நேரம் சுகுணா நிரூபித்ததே அதைத்தான்.

"பாத்தா அப்படித்தான்."

"லட்சத்துல ஒண்ணும்பாங்களே. கெஸ்ட் வந்து இறங்கறப்ப வலம்புரி போட்டுக்கிட்டு நின்னா நல்லதுதானே? எங்க முதலாளிக்கு இது போதும்."

அறுபது சட்டையோடு ரிசப்ஷன் திரைச்சீலைக்கும் சேர்த்து வைஜெயந்தியிடம் ஆர்டர் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வைஜெயந்தி லட்டு டப்பாவோடும் ஒரு கட்டுத் துணியோடும் வந்தாள்.

"நீங்க சொல்லலேன்னா அது வெறும் சங்குதான் அக்கா. தனியா முடிக்க முடியாது. இருபது சட்டை நீங்க தைச்சுத் தர்றீங்களா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் சுகுணா வாயெடுத்தாள். கை துணியை வாங்கிவிட்டது.

வைஜெயந்தி போனதும் ட்யூப்லைட் அடியில் விரித்துப் போட்டு, ஒரு பிசிறாவது, மை பரவிய இடமாவது இருக்காதா என்று ஓரம் ஓரமாகத் தேடினாள். இல்லை. ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டாள்.

அதுவும் நன்றாகத்தான் இருந்தது.