மச்சினனுக்குப் பிறந்த மூன்று வாத்துகள்

பூட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்காரியும் கூடவே கிடந்தாள். வாத்துக் கூண்டுச் சாவியை மாடியில் குடியிருக்கும் மச்சினனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொடுத்தது வீட்டுக்காரி. பூட்டுக்காரராக இருந்தால் கொடுத்திருக்கவே மாட்டார். நாற்பது வருஷம் பூட்டு ரிப்பேர் பார்த்த மனுஷன் அவர். பூட்டை உடைத்துத் திருடுகிறவன் கொஞ்சப் பேர், சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு திருடுகிறவன்தான் நிறைய என்று அவருக்குத் தெரியும். ஆனால் மச்சினன் வீட்டுக்காரியின் கூடப்பிறந்த தம்பி. தம்பியைச் சந்தேகப்பட்டால் ஆஸ்பத்திரியில் கஞ்சி கிடைக்காது.

திரும்பி வந்து பார்த்தால், கூண்டில் பெட்டை மட்டும் நாலு முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. ஆண் வாத்தைக் காணோம்.

இது குட்டையில் மேய்கிற சாதாரண வாத்து இல்லை. கழுத்து நீண்டு, இடுப்பு உயரம் வருகிற வெள்ளை வாத்து. விற்கிறவர்கள் கூஸ் என்பார்கள். ஒரு ஜோடியை முட்டையாக வாங்கி வந்து, அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு, பூட்டுக்காரரே பொரிக்க வைத்தார். ஓட்டை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சுகள் முதலில் பார்த்தது அவர் முகத்தை. இந்தச் சாதி முதலில் யாரைப் பார்க்கிறதோ அவரைத்தான் தாய் என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மாற்றவே முடியாது. அவர் கக்கூசுக்குப் போனால்கூட கதவுக்கு வெளியே நின்று கத்தும். நெஞ்சை நிமிர்த்தி நடந்ததால் ஆணுக்குத் துரை என்றும் பெட்டைக்குத் துரைசானி என்றும் பேர் விழுந்தது. ஆறு வருஷமாக, கடையைப் பூட்டிவிட்டு வரும் அவரை வாசலில் நின்று வரவேற்றது துரைதான். வீட்டுக்காரி ஒருநாளும் வரவேற்றதில்லை.

"துரை எங்கடா?" என்றார், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு.

"நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு, அத்தான்," என்றான் மச்சினன். ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் அவன். தெருவில் எல்லோரும் பாலிசி என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுவது அவன் தொழில். அன்றைக்குப் பார்க்கவில்லை. "தண்ணி வெச்சிட்டுக் கதவ மூட மறந்துட்டேன். காலையில வந்து பாத்தா தொறந்து கெடந்துச்சு."

பூட்டுக்காரர் கூண்டுப் பக்கம் திரும்பினார். கூண்டுக் கதவு அவர் கையால் செய்தது. ஸ்பிரிங் போட்டது. கையை எடுத்தால் தானே சாத்தி, தானே பூட்டிக்கொள்ளும். மறந்து திறந்து வைக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு கல்லை முட்டுக் கொடுக்க வேண்டும். நினைவாகக் கல்லைத் தேடி வைத்து மறக்கிறவன் உலகத்தில் இல்லை. பாலிசி பொய் சொல்லத் தெரிந்தவன், பூட்டுத் தெரியாதவன்.

மறுநாள் சாக்கடைத் துவாரத்தில் குச்சியை விட்டுக் கிண்டினார். கை நிறைய வெள்ளை இறகு வந்தது. கொதிநீரில் முக்கிப் பிடுங்கிய இறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக வரும். நாய் வெந்நீர் போடாது.

"உன் தம்பி துரையத் தின்னுட்டான்," என்றார் வீட்டுக்காரியிடம்.

"வயசானா வாய் இப்படித்தான் போகும்," என்றாள் அவள். "தாயில்லாப் புள்ளைய நான் வளத்தேன். அவனா உங்க வாத்தத் திம்பான்? நாய்னு சொன்னா நாய்தான்."

அத்தோடு பேச்சு முடிந்தது. ஆனால் பூட்டுக்காரர் மனசில் ஒன்று ஆணியடித்த மாதிரி நின்றது. அடிக்க வேண்டாம், போலீஸ் வேண்டாம், வேறு வாத்தும் வேண்டாம். "நான்தான் தின்னேன்" என்று அவன் வாயால், அவன் அக்கா காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் சாவதில்லை.

ஜோடியை இழந்த துரைசானி முட்டையில் நிலையாக உட்காரவில்லை. வாசல் வரை போய்க் கழுத்தை நீட்டிக் கூப்பிட்டுவிட்டு வரும், மறுபடி போகும். முட்டை ஆறிப்போகத் தொடங்கியது. பூட்டுக்காரர் நாலையும் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்று கூழ். மூன்றில் உள்ளே இருட்டாக அசைந்தது. பழைய அட்டைப்பெட்டி, பழைய பல்பு. வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து, நாளைக்கு மூன்று தடவை புரட்டினார். பெட்டியைக் கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் வைத்தார்.

"ஏன் அங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"வெயில் படாது."

வெயில் காரணம் இல்லை. பாலிசி தினம் காலையில் அந்தப் படியில் உட்கார்ந்துதான் போன் பேசுவான். "சார், நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னு வைங்க..." என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஓடும். முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குக் காது உண்டு. நாலாம் நாள், பாலிசி பேசப் பேச, முட்டைக்குள் இருந்து "கீ" என்று பதில் வந்தது. பூட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தார். தையல் இழுத்தது.

ஓடு விரிசல் விட்ட அன்று பாலிசியைக் கூப்பிட்டார். "டேய், எனக்குக் குனிய முடியல. நீ உக்காந்து கையில எடு." தான் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார். வாயைத் திறக்கவில்லை.

"என்ன, திருடன் மாதிரி முக்காடு?" என்றாள் வீட்டுக்காரி. முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

மூன்றும் வந்தன. ஈரமாக, கழுத்து நிற்காமல், பாலிசியின் முகத்தையே பார்த்தன. பூட்டுக்காரர் தெருப்பக்கம் போய் நின்று அங்கிருந்து சொன்னார்: "ரெண்டு நாள் உன் ரூம்ல வெச்சுக்கடா. கீழ ஈரம். ஏற்கெனவே ஒண்ண நாய்க்குக் குடுத்தாச்சு." நாய் என்றதும் பாலிசி மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தான். வைத்துவிட்டு இரண்டு படி ஏறினான். மூன்றும் பெட்டியைத் தாண்டிக் குதித்து விழுந்து, எழுந்து, பின்னால் ஓடின. கூண்டில் அடைத்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி கத்தின.

"உன்னத்தான்டா தேடுது. தாய் இல்லாம எப்படி இருக்கும்?" என்றார் பூட்டுக்காரர்.

"நான் எப்படி அத்தான் தாயாவேன்?"

"அது எனக்கென்ன தெரியும்? ஏதோ நாய் செஞ்ச வேலை."

பிறகு நடந்ததை உட்கார்ந்து ரசித்தார். பாலிசி பஸ் ஸ்டாப்புக்குப் போனால் மூன்றும் வரிசையாகப் போகும். பளபளவென்று துடைத்த ஷூவில் கழியும். ஒரு பெரிய இடத்து வீட்டில் பாலிசி பேசப் போய், கம்பளத்தில் மூன்றும் வேலையைக் காட்ட, வீட்டம்மா காப்பிக் கோப்பையோடு வெளியே தள்ளினாளாம். வந்து சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பூட்டுக்காரர் நன்றாகக் கேட்டுக்கொண்டார், இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

நடுநடுவே விசாரிப்பார். "அந்த நாய் என்ன நிறம்டா?"

"செவலை, அத்தான்."

ஒரு வாரம் கழித்து, "கறுப்பா அந்த நாய்?" என்பார்.

"ஆமா, கறுப்பு. நெத்தியில வெள்ளை."

"ஊர்ல உள்ள நாயெல்லாம் வந்து சாப்பிட்டுப் போயிருக்கு," என்பார் வீட்டுக்காரி காதில் விழும்படி. அவள் பாத்திரத்தை உருட்டுவாள்.

ஆனால் ஒன்றை அவர் யோசிக்கவில்லை. பழி மும்முரத்தில் இருக்கிறவனுக்கு அடுத்தவன் படுகிற கஷ்டம் மட்டும்தான் தெரியும். மாதம் இரண்டு போனதும் குஞ்சுகளுக்கு வெள்ளை இறகு முளைத்தது. பாலிசி காலையில் எழுந்து பார்க் பார்க்காகப் போய்ப் புல் அறுத்துக்கொண்டு வந்தான். தலை முங்குகிற அளவுக்குத் தண்ணீர் இருந்தால்தான் கண்ணும் மூக்கும் கழுவிக்கொள்ளும் என்று யாரிடமோ கேட்டு, பெரிய பிளாஸ்டிக் தொட்டி வாங்கினான். ஒருநாள் பன்னைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். பன் தின்று வளர்ந்தால் இறக்கை வெளிப்பக்கம் கோணிவிடும். கோணினால் கோணட்டும் என்று பூட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்தார். அரை மணி நேரம்தான் இருக்க முடிந்தது.

"பன்னப் போடாதடா, முண்டம். ரெக்க கோணிக்கும்," என்று கத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். 

"கல்யாணம் ஆகாதவனுக்கு மூணு புள்ள குடுத்துட்டீங்க," என்றாள் வீட்டுக்காரி. கேலிதான். ஆனால் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துரையைத் தின்றவன் மடியில் துரையின் பிள்ளைகள் தலை வைத்துத் தூங்குகின்றன. தன்னைக் கண்டால் சீறுகின்றன. துரைசானியோ சுவர் ஓரமாகத் தனியாக நிற்கிறது. பெற்ற தாயை மூன்றும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பூட்டுக்காரர் போட்ட கணக்கில் அவர் தலையிலேயே மண் விழுந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் பாலிசிக்குக் கம்பெனியில் இருந்து பரிசு வந்தது. அதிகம் பாலிசி பிடித்தவர்களுக்கு நாலு நாள் சுற்றுலா, விமானத்தில். இருபது வருஷமாக இதற்குத்தான் நாயாய் அலைந்தான். புதுப் பெட்டி வாங்கினான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். கிளம்புகிற அன்று காலையில் இறங்கி வந்து, மாடி அறைச் சாவியை நீட்டினான்.

"அத்தான், நாலே நாள். புல்லு வெச்சிருக்கேன். தண்ணி மட்டும் மாத்தி விடுங்க."

பூட்டுக்காரர் சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவர் வரவழைக்கவில்லை, தானாக வந்தது.

"தாராளமாப் போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்," என்றார்.

டாக்சி வாசலில் வந்து நின்றது. பாலிசி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட் வரை போனான். திரும்பிப் பார்த்தான். பூட்டுக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வாத்தும் கேட் கம்பியில் கழுத்தை நுழைத்துக் கத்தின. டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். பாலிசி பெட்டியைக் கீழே வைத்தான். மறுபடி தூக்கினான். மறுபடி வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்காரி ஓடி வந்தாள். "என்னடா, நேரமாகுது. போடா."

"போகலக்கா."

"ஏன்?"

"அத்தான நம்ப முடியல."

"நான் என்னடா பண்ணினேன்?" என்றார் பூட்டுக்காரர், மெதுவாக. இதற்காகத்தான் அவர் நாலு மாதம் காத்திருந்தார். அவசரப்படவில்லை. "சாவி குடுத்த, வாங்கிக்கிட்டேன். நம்பாம இருக்க நான் என்ன பண்ணினேன்? உங்க அக்கா கேக்கறா பாரு, சொல்லு."

பாலிசி தரையைப் பார்த்தான். "நான் செஞ்சத நீங்களும் செஞ்சிடுவீங்க."

"என்ன செஞ்ச?"

"தெரியும்ல உங்களுக்கு."

"அவளுக்குத் தெரியாது."

டாக்சிக்காரர் இன்னொரு ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். பாலிசி சொன்னான். "நாய் எதுவும் வரலக்கா. நான்தான் அறுத்தேன். ஆபீஸ்ல ரெண்டு பேரு வந்திருந்தாங்க. பெரிய வாத்து இருக்குன்னு சும்மா பெருமைக்குச் சொன்னேன். அறுத்துப் போடுன்னாங்க."

வீட்டுக்காரி சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கத்துச்சா?" என்றார் பூட்டுக்காரர்.

"கத்தல. என்னப் பாத்துச்சு. நான் தண்ணி வெக்க வந்தேன்னு நெனச்சு வந்துச்சு."

"ருசியா இருந்துச்சா?"

"விடுங்க அத்தான்."

"சொல்லுடா."

"ரப்பர் மாதிரி இருந்துச்சு. பாதியக் கொட்டிட்டோம்."

  சொல்ல வைத்துவிட்டால் மனசு ஆறும் என்று பூட்டுக்காரர் நினைத்திருந்தார். ஆறவில்லை. ஆறு வருஷம் வாசலில் நின்ற துரையில் பாதி குப்பையில் போயிருக்கிறது. பாலிசி சொல்லாமல் இருந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

 வீட்டுக்காரி நேரே உள்ளே போய், தம்பிக்குக் கட்டிவைத்திருந்த வழிச் சாப்பாட்டை அவிழ்த்துப் பாத்திரத்தில் கொட்டினாள். அந்தச் சத்தம் வெளியே கேட்டது.

"மன்னிச்சிடுங்க அத்தான்," என்றான் பாலிசி.

"மன்னிப்பெல்லாம் இல்ல." பூட்டுக்காரர் சாவியை அவன் மடியில் போட்டார். நாலு நாளும் அந்த மூன்றையும் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டார். "இந்தச் சாதி இருபது வருஷம் இருக்கும். இருபது வருஷமும் நீ ஒரு ஊருக்கும் போக மாட்ட. ஏன்னா நான் கீழேயே இருப்பேன். எந்திரி. தொட்டித் தண்ணி நாறுது, மாத்து."