கோச்சின் காலடி மண்

கல்லூரிக் காலத்தில் சிவதர்ஷன் குவாட்டர்பேக். அமெரிக்கன் புட்போலில் பந்தை எறிகிறவனுக்கு அப்படிப் பெயர். எறிவதற்குள் எதிரணித் தடியன்கள் ஓடிவந்து அவன்மேல் விழுவார்கள். படித்த காலம் முழுக்கச் சிவதர்ஷன் எறிந்ததைவிட விழுந்ததே அதிகம். ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் பட்டம் வாங்கினான். அதோடு விட்டானா? வேலை கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே அணிக்குச் சம்பளமில்லாத கோச்சாக வந்து நின்று, தான் விழுந்த இடத்திலேயே அடுத்த செட்டையும் விழப் பழக்கினான். வாழ்க்கையில் ஒரேயொரு வெற்றி, அதுதான் அவன் ஆசை. மனோர் பார்க் கோயில் முருகனிடமும் கேட்டுப் பார்த்தான். அவருக்கு அந்த விளையாட்டின் விதி தெரியாதோ என்னவோ.

2008 பெப்ரவரி. பார்க்கிங் என்ற ஊரின் மைதானத்தில் சீசனின் கடைசி ஆட்டம். இத்தனை தோல்விக்கும் யாரோ வைத்த கண்தான் காரணம் என்று முடிவுகட்டி, நாவூறு கழிக்க அம்மாவைக் கூட்டிவந்தான். நகுலேஸ்வரி சேலைக்கு மேல் தடித்த ஜக்கெட்டும், கைப்பையில் உப்பும் செத்தல் மிளகாயுமாக வந்தார். வரிசையில் நின்ற பெடியன்களை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நாவூறு படுறதெண்டால் ஆராவது பார்த்துப் பொறாமைப்பட வேணும். இதிலை என்ன இருக்கெண்டு பொறாமைப்படுறது?"

கோச்சின் முகம் தொங்கிப்போனது.

ஆனால் அன்றைக்கு மழை கைகொடுத்தது. சேற்றில் எதிரணி வழுக்கியது. இவர்களும் வழுக்கினார்கள், ஆனால் நல்ல திசையில் வழுக்கினார்கள். ஆட்டம் முடியப் போகிறது, மூன்று புள்ளி முன்னிலை! சிவதர்ஷனுக்கு இனி ஒரே பயம், எதிரணிக் குவாட்டர்பேக் ஆலிவர். அந்த நெட்டையன் எறிந்தால் பந்து போய் ஆளின் மடியில் குந்தும். சிவதர்ஷன் கனவில் மட்டும் எறிந்த எறி அது. வயிறு எரிய அவனையே பார்த்துக்கொண்டு, "விழடா, ஒருக்கா விழடா" என்று முணுமுணுத்தான்.

ஆலிவர் விழுந்தான். ஒருவரும் தொடவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் கிடந்து முனகினான். முதலுதவிக்காரர் ஐஸ் வைத்தும் எழ முடியவில்லை.

சிவதர்ஷனின் அணி துள்ளிக் குதித்தது. நகுலேஸ்வரி மட்டும் மகன் பக்கம் திரும்பினார்.

"நீதானே?"

"நான் ஒண்டும் செய்யேல்லை, அம்மா."

"அவனை விழுங்கிற மாதிரிப் பார்த்தனி. காலைத் தூக்கு."

"ஏன்?"

"கண் வைச்சவன்ர காலடி மண் வேணும். அது இல்லாமல் கழிக்க ஏலாது."

"அவன் எழும்பினால் நாங்கள் தோத்திடுவம்! எனக்கு இது ஒண்டுதான், அம்மா!"

"ஆரோ பெத்த பிள்ளை சேத்திலை கிடக்குது. தூக்கு."

சிவதர்ஷன் ஸ்கோர் பலகையைப் பார்த்தான். சேற்றில் கிடப்பவனைப் பார்த்தான். அப்படிக் கிடப்பது எப்படி என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? காலைத் தூக்கினான்.

பூட்ஸில் சுரண்டிய சேற்றோடு அம்மா மைதானத்துக்குள் நடந்தார். விதி மீறல் என்று நடுவர் மஞ்சள் துணியை எறிந்தார். அம்மா அந்தக் கைக்குட்டையைக் குனிந்து எடுத்து, "இந்தாங்கோ, லேஞ்சி விழுந்திட்டுது" என்று நடுவரின் கையிலேயே கொடுத்தார். மண்ணையும் உப்பையும் மிளகாயையும் ஆலிவரின் தலையைச் சுற்றி, அவனைத் துப்பவும் வைத்து, எல்லைக்கோட்டருகே சொசேஜ் சுட்டுக்கொண்டிருந்த அடுப்பில் கொட்டினார்.

"பாத்தியே? மிளகாய் எரிஞ்சும் கமறேல்லை. கண்ணேதான்!"

காற்று அடித்த திசையில் நடுவர் கண்ணீர் வழிய இருமிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அம்மா பார்க்கவில்லை.

ஐஸின் வேலையோ உப்பின் வேலையோ, ஆலிவர் எழுந்து காலை உதறினான். ஒரு எறிக்கு மட்டும்தான் நேரம் மிச்சம். பந்து அவன் கைக்கு வந்தது. கை பின்னால் போனது. என்ன அழகு! தோற்கப் போவதையும் மறந்து சிவதர்ஷன் வாயைப் பிளந்தான்.

அம்மா பாய்ந்து வந்து இரண்டு கையாலும் மகனின் கண்ணைப் பொத்தினார்.

"அங்கை பாராதை!"

மிளகாய் பிடித்த கை. கண் எரிந்து நீர் கொட்டியது. எதிர்ப்பக்கத்தில் வெற்றிக் கூச்சல் எழுந்தது. கோச் அழுகிறார் என்று பெடியன்கள் எல்லாரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். மிளகாய்தான் என்று அவன் சொல்லவில்லை. முழுக்க மிளகாயும் இல்லை.