நான் வர்ற வரைக்கும்

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால் ஆகியும் அற்புதராஜ் வாத்தியார் வரவில்லை. இரண்டிலிருந்து மூன்று அருள்மேரியின் முறை, மூன்றிலிருந்து நான்கு அவருடையது. ஆராதனை நாளில் பீடத்தின் மேல் கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை அப்பம் எழுந்தருளியிருக்கும்போது முன்னால் ஒரு ஆளாவது விழித்திருக்க வேண்டும், ஆண்டவரைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்பது ஏற்பாடு. காலைப் பூசையில் சாமியார் அதையேதான் அரைமணி நேரம் பேசினார். ஆண்டவர் இரத்த வியர்வை சிந்திய தோட்டத்தில் கூட இருந்தவர்கள் தூங்கிவிட்டார்கள், ராயக்கோட்டைக்காரர்களாவது தூங்காமல் இருங்கள் என்றார். மத்தியானம் பாரூரில் சாகக் கிடக்கும் ஒருவருக்கு அவஸ்தை எண்ணெய் பூச, உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். வாத்தியாரோ கிருஷ்ணகிரியில் ஜில்லா போர்டு ஆபீசுக்குப் போனவர். அவர் வரும் பஸ் எந்த மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறதோ.

அருள்மேரி தூங்கவில்லை. தூங்கியிருந்தால்கூடத் தேவலை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையை முக்காடிட்டு முழந்தாளில் இருந்தாள். விரலில் ஜெபமாலை நகர்ந்தது, மனசு மட்டும் பக்கத்து வீட்டு வாசலுக்கும் கோவிலுக்குமாக ஓடி ஓடி இளைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவம். புருஷன் சென்னப்பன் வண்டி கட்டிக்கொண்டு பேரிகைச் சந்தைக்குப் போயிருந்தான், நாளைக்குத்தான் வருவான். "நான் பாத்துக்கறேன், நீ போப்பா" என்று தைரியம் சொல்லி அனுப்பியது அருள்மேரிதான். விடியலிலிருந்தே இடுப்பு சுள்ளென்கிறது என்று அந்தப் பெண் வந்து சொன்னாள். அருள்மேரி அப்போது இஸ்திரிப் பெட்டியும் கையுமாக இருந்தாள். "அது சூட்டு வலி. சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படு" என்று பெரிய டாக்டரம்மா மாதிரிச் சொல்லி அனுப்பிவிட்டாள். கோவிலுக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தாள். வெள்ளையம்மா ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கோட்டை மலைக் குரங்குகள் திறந்த வீட்டைக் கண்டால் விடாது. அதனால் கதவைச் சாத்தினாள்.

சாத்தியது நிச்சயம். வெளிச் சங்கிலியை இழுத்துக் கொண்டியில் மாட்டினாளா என்பதுதான் நினைவில்லை. மாட்டியிருந்தால் உள்ளே இருப்பவளால் திறக்க முடியாது. அந்த இரண்டு வீடுகளை விட்டால் சுற்றிலும் புளியந்தோப்பு, கத்தினாலும் கேட்க ஆளில்லை. மாட்டவில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷம் வெயிலில் காய்ந்த இரும்பின் சூடு உள்ளங்கையில் தெரியும். அது இன்றைய சூடா, தன் வீட்டுக் கதவைத் தினமும் பூட்டுகிற சூடா?

உச்சி வெயில் நேரம் யாருக்கும் வேண்டாமென்றபோது, "எனக்குப் போடுங்க சாமி" என்று முந்திக்கொண்டு பேர் கொடுத்தவள் அவள். அந்தப் பெருமையே இப்போது அவளை இங்கே கட்டிப்போட்டிருந்தது. வாத்தியாரைக் கொண்டுவந்து விடும் ஆண்டவரே என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. மெழுகுவர்த்தி எரிந்தது. மூன்றரை ஆயிற்று.

பீடத்தைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து வாசலுக்கு வந்தாள். வேப்பமரத்து நிழலில் தக்காளி விற்கும் நாராயணம்மா கூடையோடு கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க."

"நானா? உங்க கோவிலுக்குள்ளயா? காலெல்லாம் மண்ணா இருக்குதே மேரி."

"இருக்கட்டும். இங்க ஒக்காருங்க. அங்க வெள்ளையா வட்டமாத் தெரியுது பாருங்க, அதைப் பாத்துக்கிட்டே இருக்கணும். தனியா உடக்கூடாது. வெள்ளையம்மாவை உள்ள வெச்சி வெளிய கொண்டி போட்டுட்டு வந்துட்டேன் போல இருக்குது. அவளுக்கு வலி."

"அய்யோ தேவுடா! போ, ஓடு. எதுனா மந்திரம் சொல்லணுமா?"

"ஒண்ணும் வேணாம். பாத்தாப் போதும். நான் வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க."

நாராயணம்மாவையே அனுப்பியிருக்கலாமே என்று பிற்பாடு கேட்டவர்கள் உண்டு. முழங்கால் வாதக்காரி, அவள் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். அதோடு, தான் மாட்டியதை இன்னொருத்தி போய் எடுப்பதை அருள்மேரியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. முக்காடு நழுவ ஓடினாள். ஞானஸ்நானம் வாங்காதவளை ஆண்டவருக்குக் காவல் வைத்துவிட்டுப் போகிறோமே என்ற பயம் தெருமுனை வரைக்கும் கூட வந்தது. அதற்குமேல் கதவைப் பற்றிய பயம் மட்டுமே இருந்தது.

சங்கிலி கொண்டியில் மாட்டியிருந்தது.

திறந்தபோது வெள்ளையம்மா கதவுக்குப் பின்னாலேயே தரையில் சாய்ந்திருந்தாள். பனிக்குடம் உடைந்து பாவாடை நனைந்திருந்தது. தட்டித் தட்டி இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன.

"நாந்தான்டி மாட்டினேன்" என்றாள் அருள்மேரி. அழுகை வந்துவிட்டது.

"தெரியும்க்கா. அரைத் தூக்கத்துல சங்கிலிச் சத்தம் கேட்டுது. நீதான, நீயே வந்துருவன்னு இருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவளைத் தூக்கிப் பாயில் கிடத்திவிட்டு, தோப்புக்கு அப்பால் இருந்த மருத்துவச்சி செல்லியைக் கூட்டிவர மறுபடி ஓடினாள். குழந்தை வந்தது. உடனே அழவில்லை. செல்லி அதைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டிருந்த அந்தச் சிறிது நேரம், அருள்மேரி ஒரு மந்திரமும் சொல்லாமல் அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுதது.

கோவிலுக்குத் திரும்பும்போது ஐந்தரை. வெள்ளைச் சேலையில் இரத்தக் கறை. உள்ளே வாத்தியாரும் அவர் சம்சாரமும் பின்வரிசையில் முழந்தாளில் இருந்தார்கள். பாரூரிலிருந்து வந்த தூசியோடு சாமியார் ஆராதனையை முடித்துவைக்கும் ஆசீர்வாத மணியைக் கையில் பிடித்தபடி பீடத்தின் முன் கிராதியருகே நின்றிருந்தார். நடுவில் நாராயணம்மா வாதக் காலையும் மடக்கிச் சம்மணமிட்டு, அசையாமல்.

"நான் மூணே முக்காலுக்கே வந்துட்டேன்மா" என்று வாத்தியார் கிசுகிசுத்தார். "எழுந்திருங்கன்னா, 'அவ வரட்டும், அவதான் சொல்லிட்டுப் போனா'ங்குது. சாமி சொல்லியும் கேக்கல."

அருள்மேரி அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டாள்.

"வந்துட்டியா?" நாராயணம்மா திரும்பவில்லை.

"வந்துட்டேங்கா."

"அந்தப் பொண்ணு?"

"பெத்துட்டா. பொம்பளப் புள்ள. ரெண்டு உசிரும் நல்லா இருக்குது."

"கதவு தெறந்துதான இருந்துது?"

"இல்லக்கா. பூட்டித்தான் இருந்துது."

நாராயணம்மா பீடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இமைக்காமல் பார்த்துப் பார்த்துக் கண்ணிலிருந்து நீர் வழிந்து கழுத்துவரை இறங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"எழுந்திரிக்கட்டுமா?"

சரி என்றுதான் அருள்மேரி சொல்ல வேண்டும். தலையைத் தூக்கிப் பீடத்தைப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. நாராயணம்மாவின் மண் ஒட்டிய பாதங்களையே பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்கக்கா" என்றாள்.

சாமியார் மணியின் நாக்கை விரலால் பிடித்து, சத்தம் வராமல் அதைத் தரையில் வைத்தார்.