பெருவிரல் பட்ட கண்ணாடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் இயற்பியல் துறையில் எல்லாருக்கும் தெரியும். ஆய்வகத்தில் கையுறை போடாமல் எதையாவது தொட்டவர்கள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். அந்த விஷயத்தில் ஒருமுறைகூடத் திட்டு வாங்காதவன் என் மாணவன் புகழேந்தி ஒருவன்தான். அப்படிப்பட்டவன் தன் கடைசிக் கண்ணாடியில் வெறும் விரலை வைத்துவிட்டுப் போய்விட்டான். யாரைப் போய்த் திட்டுவது?

அவன் ஆராய்ச்சியைச் சொல்வது சுலபம். துத்தநாக உப்புக் கரைசலைச் சூடான கண்ணாடித் துண்டின்மேல் பனிபோலத் தெளித்தால் துத்தநாக ஆக்சைடு மெல்லிய படலமாகப் படியும். நேராகப் பார்த்தால் வெறும் கண்ணாடிதான். சாய்த்துப் பார்த்தால் லேசாக நிறம் காட்டும். வெளிச்சத்தையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும். சூரியத் தகடு செய்கிறவர்களுக்கு மலிவான, அருமையான சரக்கு. ஆனால் சரியான நோஞ்சான். ஈரக்காற்று பட்டால் மேல்பரப்பு அரித்து, நாளடைவில் வெளுத்துப் போகும்.

அரிக்காமல் காப்பாற்றுவதுதான் புகழேந்தியின் வேலை. படலத்தின்மேல் இன்னொரு மெல்லிய பூச்சைப் பூசி, முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் தன் ஊருக்கு எடுத்துப் போவான். உப்புக்காற்று அடிக்கும் வீட்டு ஓட்டின்மேல் மாசக்கணக்கில் வைத்திருந்து திரும்பக் கொண்டுவருவான். பூசாத கண்ணாடி வெளுத்திருக்கும், பூசியது பளிச்சென்று இருக்கும். இரண்டையும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிற்பான். பெருமையெல்லாம் முகத்தில் இருக்கும்.

கார்த்திகை மழை கொட்டிய ஒரு நாள், அவன் செய்ததிலேயே நல்ல படலம் ஒன்று அமைந்தது. மேல்பூச்சு மட்டும் பாக்கி. அப்போது ஊரிலிருந்து ஃபோன். சம்பாப் பயிர் முழுகுகிறது, தண்ணீரை வடியவிட ஆள் இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வாசல்வரை போனவன், கண்ணாடி திறந்து கிடப்பதைப் பார்த்துத் திரும்பி வந்து, அதை எடுத்து ஈரம் உறிஞ்சும் ஜாடிக்குள் வைத்து மூடினான். மறுநாள் காலை வயலில் இறங்கினான். அறுந்து விழுந்த மின்கம்பி தண்ணீருக்கு அடியில் கிடந்திருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, இன்னொரு ஆய்வு மாணவியான ரிஃப்கா அந்த ஜாடியைத் திறந்தாள். கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தவள் என்னைக் கூப்பிடக்கூட முடியாமல் அழுதாள். படலத்தின் நடுவில் ஒரு பெருவிரல் ரேகை, சுழி சுழியாக, அத்தனை தெளிவாக இருந்தது.

அதை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஜாடியில் ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள் வெளிறும்போதெல்லாம் நானே சூடாக்கிப் போட்டேன். வியர்வையின் உப்பும் புளிப்பும் அந்தப் படலத்துக்குச் சத்துரு. காற்று பட்டால் ரேகை இருக்கும் இடமெல்லாம் அரிக்கும். ரேகையோடு சேர்த்துப் பூச்சு பூசினால் உப்பு உள்ளே மாட்டிக்கொண்டு படலமே உரிந்துவிடும். கழுவிவிட்டுப் பூசினால் படலம் தப்பிக்கும், ரேகை போய்விடும். நான் ரேகையின் பக்கம் நின்றேன். காற்றுப் புகாத சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன்.

மாசி பிறந்த பிறகு அவன் அம்மா கண்ணாத்தாள் வந்தார். மன்னார்குடியில் பஸ் மாறித் தனியாகவே வந்திருந்தார்.

"அந்தத் தாக்கையும் அறுத்து முடிச்சிட்டுதாங்க வர்றேன்" என்றார். மகன் விழுந்த வயலைத்தான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவன் பை, டிபன் பாக்ஸ், செருப்பு எல்லாவற்றையும் ரிஃப்கா எடுத்து வைத்தாள். நான் கண்ணாடியைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன்.

"இது அவன் ஓட்டு மேல வைக்கிற கண்ணாடிதானே? கோழி ஏறிடப் போவுதுன்னு என்னையக் காவலுக்கு வச்சிட்டுப் போவான்" என்றவர், குனிந்து பார்த்தார். "நடுவுல என்னங்க இது?"

"புகழோட பெருவிரல்மா. கடைசியா அவன் தொட்டது."

அவர் அழுவார் என்று நினைத்தேன். முகம் இறுகிப்போனது.

"கைநாட்டா?"

கண்ணாடியை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.

"எங்க வூட்டுல கைநாட்டு நானும் அவுங்கப்பாவுந்தாங்க. எங்க போனாலும் விரலப் புடிச்சி, மையில உருட்டி, அமுக்குவாங்க. இவன் ஒண்ணாவதுலயே பேரு எழுதிட்டான். எந்தக் காயிதத்துலயும் இவன் விரல வச்சதில்ல."

"இப்ப ரேஷன் கடையில நாங்களும் விரல்தாம்மா வைக்கிறோம்."

"அது மெசினுங்க. அது வேற." பிறகு கண்ணாடியையே பார்த்துக்கொண்டு கேட்டார். "இது இருந்தா கண்ணாடிக்கு ஒண்ணும் ஆவாதா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தால் சில காலம் அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் எதிரே நின்றது புகழேந்தியின் அம்மா. என் வாய்க்குப் பொய் வரவில்லை.

"அரிக்கும்மா. மெதுவா அரிச்சிக்கிட்டே இருக்கும்."

"கழுவினா?"

"கழுவிட்டு, அவன் கண்டுபுடிச்ச பூச்சைப் பூசினா கண்ணாடி கெடாது. ஆனா ரேகை போயிடும்மா. திரும்பி வராது."

"கழுவிடுங்க."

"அம்மா, நல்லா யோசிச்சு..."

"கெடாம இருக்கணும்னுதானே எம்புள்ள இங்க வந்து கெடந்தான்? அவன் செஞ்சத அவன் கையே கெடுக்கணுமா? கழுவிடுங்க, மேடம்."

ரிஃப்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். "ஒரு ஃபோட்டோ மட்டும் எடுத்துக்கிறேம்மா."

கண்ணாத்தாள் கண்ணாடிக்கு மேலே உள்ளங்கையை விரித்து மறைத்தார். "வேணாம் பாப்பா. எம்புள்ள கைநாட்ட யாரும் பாக்க வேணாம்."

ரிஃப்காவிடம் கொடுக்க மனம் வராமல் நானே கழுவினேன். ஆல்கஹாலில் முக்கினேன். பிறகு சுத்தத் தண்ணீர் விட்டேன். ஏதாவது ஒரு வரியாவது படலத்தில் அரித்து இறங்கியிருக்கும், மிச்சம் நிற்கும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். படலம் கெடக்கூடாது என்று காலமெல்லாம் பாடம் நடத்துகிறவள், கெட்டிருக்கட்டுமே என்று வேண்டிக்கொண்டேன். காற்றடித்து உலர்த்தி, விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஜாடியில் நான் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததில் ஒரு வரிகூட இறங்கவில்லை. படலம் அன்று செய்தது போலவே இருந்தது.

அவன் கலந்து வைத்திருந்த கரைசலிலேயே முக்கி, மெதுவாகத் தூக்கி, சூட்டில் காயவைத்தேன். ஆறியதும் கண்ணாத்தாளின் கையில் கொடுத்தேன்.

"இனிமே கெடாதும்மா. தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது."

அவர் தொடவில்லை. ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஜன்னலை நோக்கிச் சாய்த்தார். பச்சையும் ஊதாவுமாக லேசாக நிறம் ஓடியது. இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"போயிடுச்சாங்க?"

"போயிடுச்சும்மா."

"கொஞ்சங்கூட இல்லியா?"

"இல்லம்மா."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவர் அழுது அப்போதுதான் பார்த்தேன்.

"நான் அவசரப்பட்டுட்டனாங்க?"

இல்லை, நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஜன்னல் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டேன். ரிஃப்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாத்தாள் ஜன்னலோரத்தை விட்டு நகராமல், அந்தக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் தேடிக்கொண்டே இருந்தார்.